விளக்கு உடைந்தால் விளக்குமாற்றைத் தொடாதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாடும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்பது என்னவென்று தெரிகிறதா? இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். 13 டியூப் லைட். எல்லாம் பியூஸ் போனவை. நேற்றுக் காலையில் 14 இருந்தன.

இது மதுரை செல்லூர், எங்கள் அப்பாவின் தறி செட். ஒரு காலத்தில் 8 தறி ஓடியது, இப்போது 3 ஓடுகிறது. தறிக்கு மேலே வரிசையாக டியூப் லைட்தான் எரியும். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. ஒவ்வொன்றாக ஓரம் கறுத்துப் போகும்போது கழற்றிப் பரணில் போட்டுவிடுவார் அப்பா. தூக்கி எறிய மனம் வராது, எறிய இடமும் தெரியாது. இப்போது எல்லாம் எல்ஈடி மாற்றியாயிற்று. சரி, பரணைக் காலி செய்யலாம் என்று ஏறினோம்.

இறக்கும்போது அத்தை மகன் கையிலிருந்து ஒன்று நழுவிவிட்டது. பட்டென்று ஒரு சத்தம். டியூப் லைட் மற்றக் கண்ணாடி போல் உடையாது, சின்னதாக வெடிக்கும். உள்ளே காற்றழுத்தம் மிகவும் குறைவு, அதனால் வெளிக்காற்று பாய்ந்து உள்ளே போகிற சத்தம் அது. வெள்ளையாகத் தூள் கிளம்பியது. அம்மா அடுத்த நொடியே விளக்குமாற்றோடு வந்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பெயரில் விளக்கு இருக்கிறது என்பதற்காக, விளக்கு உடைந்த இடத்தில் விளக்குமாற்றைக் கொண்டு வரக் கூடாது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

டியூப்புக்குள் பாதரசம் இருக்கிறது. ரொம்பக் கொஞ்சம்தான். மின்சாரம் பாயும்போது அந்தப் பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விடும். குழாயின் உள்பக்கம் பூசியிருக்கிற வெள்ளைப் பூச்சு அதை வாங்கி, நமக்குத் தெரிகிற வெளிச்சமாக மாற்றித் தரும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஆவி நெடுக்கே போகிற பாவு நூல், பூச்சு குறுக்கே போகிற ஊடை நூல். ஒன்று இல்லாமல் இன்னொன்று துணி ஆகாது. விளக்கு செத்துப்போனாலும் பாதரசம் எங்கும் போவதில்லை. பெரும்பகுதி அந்தப் பூச்சுத் தூளோடும் கண்ணாடியோடும் ஒட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். விளக்குமாற்றால் கூட்டினால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். கூட்டிய விளக்குமாறு அப்புறம் அடுப்படிக்கும் போகும், சாமி அறைக்கும் போகும். வாக்குவம் கிளீனர் வைத்திருப்பவர்களே, அது இன்னும் மோசம். தூளை உறிஞ்சி, பின்பக்கம் காற்றோடு ஊதிவிடும்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதலில் தறியை நிறுத்தினோம், மின்விசிறியை நிறுத்தினோம். நம் ஊர் வெயிலில் விசிறியை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் அந்த நேரத்துக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஏசி இருந்தால் அதையும். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளையும் பூனையையும் வெளியே அனுப்பிவிட்டு, நாங்களும் ஒரு 10 நிமிடம் வாசலில் உட்கார்ந்தோம். வெளியே போகும்போது தூளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் செருப்போடு அது தெரு வரைக்கும் வரும். திரும்பி வந்து கையுறை மாட்டிக்கொண்டு, பீரோவில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டை எடுத்தேன். கெட்டி அட்டை. ஒன்றால் தள்ளி இன்னொன்றில் அள்ள வேண்டும். அள்ள முடியாத பொடிச் சில்லுக்கும் தூளுக்கும் பிளாஸ்திரி டேப், ஒட்டி ஒட்டி எடுக்கலாம். கடைசியாக ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அலசிக் காயப்போட்டுத் திரும்பப் பயன்படுத்துகிற வேலை வேண்டாம். எல்லாம் சேர்ந்து எதற்குள் போயின? இதோ, இந்த ஊறுகாய் பாட்டில். கண்ணாடி பாட்டில், இறுகத் திருகுகிற மூடி. பிளாஸ்டிக் பை சும்மா முடிந்து வைத்தால் ஆவி கசியும், மூடி போட்ட பாட்டில்தான் நல்லது. அப்புறம் கையை நன்றாகக் கழுவினோம், மாலை வரைக்கும் ஜன்னலை மூடவில்லை.

"டியூப் லைட் குத்தினால் புண் ஆறாது" என்று அப்பத்தா சொல்லுவார், உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நான் அதை வெறும் பயமுறுத்தல் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால், ஆரம்ப காலத்து டியூப்புகளின் பூச்சில் பெரிலியம் என்று ஒரு பொருள் கலந்திருந்தார்கள். அது சதையில் ஏறினால் புண் லேசில் ஆறாது. அமெரிக்காவில் 1949-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆக அப்பத்தா சொன்னது பொய் இல்லை, கொஞ்சம் பழைய செய்தி. இன்றைய டியூப்பில் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் வெட்டுப்பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், சில்லு உள்ளே இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது ஒரு கேள்வி வரும்: இவ்வளவு பயப்பட வேண்டுமா? ஒன்று உடைந்ததற்கு யாரும் மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றில் சுமார் 500 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். சுருட்டி வைத்த மாதிரி இருக்குமே சிஎப்எல் பல்பு, அதில் 4 மில்லிகிராம் போல. பழைய குண்டு டியூப்பில் அதைவிடப் பல மடங்கு, ஆனாலும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். பள்ளிக்கூட லேபில் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடிய ஆள் நான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. கோவில் ஊர்வலத்தில் இளவட்டங்கள் டியூப் லைட்டை முதுகில் அடித்து உடைக்கும்போது முன்வரிசையில் நின்று கை தட்டியும் இருக்கிறேன். அந்த வெள்ளைப் புகைதான் நமக்கு வேடிக்கையே. அதை மூச்சில் இழுத்துக்கொண்டே நின்றிருக்கிறோம்.

என் கவலை நம் வீட்டுக்குள் உடைகிற ஒன்றைப் பற்றி இல்லை. நாம் வேண்டுமென்றே உடைப்பதைப் பற்றி. 4 அடி டியூப் குப்பைக் கூடையில் நிற்காது. அதனால் என்ன செய்கிறோம்? சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் இரண்டு தட்டு. வேலை முடிந்தது. உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை பேர் செய்திருக்கிறீர்கள்? அந்தச் சாக்கை நேரே கையால் தூக்குகிறவர் தூய்மைப் பணியாளர். எங்கள் தெருவுக்கு வருகிற அக்காவிடம் இன்று காலை கேட்டேன். உள்ளங்கையைக் காட்டினார், குறுக்கே ஒரு தழும்பு. "பையில என்ன இருக்குன்னு யாருப்பா சொல்றாங்க" என்றார். வண்டியில் குப்பையை அழுத்தும்போது முழு டியூப் இருந்தால் அதுவும் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு நேராக. அவர் ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுக் குப்பையைத் தொடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். வண்டி போய்ச் சேர்வது அவனியாபுரம் பக்கம் வெள்ளக்கல் கிடங்கு. மழை பெய்தால் தரைக்குள் இறங்கும். நீர்நிலைக்குப் போன பாதரசத்தை அங்கேயுள்ள நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசம் என்கிற கொடிய விஷமாக மாற்றிவிடும். அது மீனுக்குள் சேரும், மீன் நம் குழம்புக்கு வரும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-இல் வெளியே தெரிந்த நோய் அப்படி மீன் வழியாக வந்ததுதான். அங்கே கடலில் கலந்தது ஒரு தொழிற்சாலைக் கழிவு, அளவே வேறு. நம் கண்மாய்க்கு அந்தக் கதி என்று நான் சொல்லவில்லை. போகிற வழி அதேதான் என்று சொல்கிறேன்.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் கொடைக்கானல் இருக்கிறதே. அங்கே ஒரு தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. ஏன் தெரியுமா? பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அதே ஊரில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக்கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே தெரிந்துவிட்டது. 2003-இல் அந்தக் கழிவைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அதனால்தான் டியூப்பைப் பழைய இரும்புக்கடையில் போடாதீர்கள் என்கிறேன். அங்கே இரண்டு முனையிலும் இருக்கிற அலுமினிய மூடியைக் கழற்றிக்கொண்டு குழாயை உடைத்துவிடுவார்கள். சோக், பட்டை, ஹோல்டர் எல்லாம் வேறு கதை. சோக்குக்குள் செம்புக் கம்பி இருக்கிறது, எடைக்கு நல்ல காசு. அதைத் தாராளமாகப் போடுங்கள். அப்பா 9 சோக் போட்டு டீக்காசு பார்த்துவிட்டார்.

சரி, டியூப்பை என்னதான் செய்வது? சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தேன். 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே டியூப் லைட்டும் சிஎப்எல் பல்பும் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள். காலாவதி மருந்து, பேட்டரி, ஊசி எல்லாம் இருக்கிற அதே வரிசை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளிலும் பாதரச விளக்குகள் சேர்ந்திருக்கின்றன. தயாரிக்கிற நிறுவனமே மறுசுழற்சிக்கு வழி செய்ய வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. நான் வாடிக்கையாக வாங்குகிற எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போய், "அண்ணே, பழைய டியூப் எடுத்துக்குவீங்களா" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு டியூப் லைட்டைப் பார்ப்பது போலவே பார்த்தார். ஸ்டார்ட்டர் மினுக்கி மினுக்கி நிதானமாகத்தானே எரியும், அப்படி ஒரு பார்வை.

வேலைக்கு ஆகிற வழி இரண்டு. ஒன்றிரண்டு டியூப் என்றால் உடைக்காமல் தனியாகக் கட்டி, மேலே பேனாவால் "டியூப் லைட், கண்ணாடி" என்று தமிழில் பெரிதாக எழுதி, குப்பை வண்டி வரும்போது கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். மக்கும் குப்பை வாளியில் செருகாதீர்கள். நிறைய இருந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துப் போன் செய்யுங்கள். பாதரச விளக்கு எடுப்பீர்களா என்று கேட்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் கம்ப்யூட்டர் எடுக்கிற எல்லாரும் டியூப் எடுக்க மாட்டார்கள். நான் மூன்று இடம் கேட்டேன். ஒருவர் எடுப்பதாகச் சொன்னார், ஆனால் 13-க்கு வண்டி அனுப்ப முடியாதாம். நியாயம்தான்.

கட்டி வைப்பதுதான் முக்கியமான வேலை. புது டியூப் வாங்கும்போது வருகிற அட்டை உறையை எறியாதீர்கள், பழையது அதற்குள் அப்படியே போகும். உறை இல்லையா? விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழல் சும்மாவே தருவார்கள். ஒல்லி டியூப் 26 மில்லிமீட்டர் பருமன், பழைய குண்டு டியூப் 38. உள்விட்டம் அளந்து பார்த்து வாங்குங்கள். நான் 5 குழல் கேட்டேன், கடைக்கார அண்ணன் 10 கொடுத்து இடத்தைக் காலி செய்துகொண்டார். இரண்டு பக்கமும் பழைய துணியைத் திணித்து டேப் ஒட்டினால் போதும். நிற்க வைக்காதீர்கள், படுக்க வையுங்கள். இவை நிற்பது வீடியோவுக்காக மட்டும். கழற்றும்போது மெயினை அணைத்துவிட்டு, ஆறவிட்டு, கால் வட்டம் திருப்பி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஏணியை ஒருவர் பிடிக்க வேண்டும். அத்தை மகன் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று. எல்ஈடி டியூப்பும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் பாதரசம் கிடையாது. உடைந்தால் சாதாரணமாகக் கூட்டலாம். எரியாமல் போனால் அதுவும் மின்னணுக் கழிவுதான். எது எது என்று மேலே அச்சடித்திருப்பதைப் படித்துப் பிரியுங்கள்.

மினமாட்டா பெயரிலேயே ஓர் உலக ஒப்பந்தம் இருக்கிறது, 2017-இல் நடைமுறைக்கு வந்தது, 2018-இல் இந்தியாவும் சேர்ந்தது. 2027-க்குள் இந்த டியூப்புகளின் தயாரிப்பையே நிறுத்துவதாக அதில் பேசி முடித்திருக்கிறார்கள். கடையில் வராது, நல்ல விஷயம். ஆனால் நம் பரணில் கிடப்பது 2027 வந்தால் தானாக மறையாது. எல்லாரும் எல்ஈடி மாற்றுகிற இந்தச் சில வருடத்தில்தான் மொத்தமும் ஒரேயடியாகக் குப்பைக்கு வரும்.

அதனால் இப்படிச் செய்யப் போகிறேன். எங்கள் தெருவில் மட்டும் தறி செட் 11 இருக்கிறது. நேற்று சாயங்காலம் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டேன், எல்லார் பரணிலும் கிடக்கிறது. ஒரு பெரியப்பாவிடம் 22 இருக்கிறது, தூசி தட்டிப் பார்த்தால் அவற்றில் 3 இன்னும் எரிகின்றன! 100 சேர்ந்தால் வண்டி வருவதாக அந்த நிறுவனக்காரர் சொல்லியிருக்கிறார். இன்று இரவு வரைக்கும் 61. செல்லூர், தத்தனேரி, ஆழ்வார்புரம் பக்கம் இருக்கிறவர்கள் கமெண்டில் எண்ணிக்கையை மட்டும் போடுங்கள், வீட்டு விலாசம் போட வேண்டாம், எங்கே எப்போது கொண்டு வரலாம் என்று நான் பதில் எழுதுகிறேன். முழு டியூப் என்றால் அட்டைக் குழலில். உடைந்தது என்றால் ஊறுகாய் பாட்டிலில். பாட்டில் திரும்பக் கிடைக்காது, அம்மா இப்போதே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.