முதலாளி துபாயில், பெஞ்ச் வடசேரியில்

நடுவர் அவர்களே, நாகர்கோவில் பெருமக்களே, வணக்கம். காபிக் கடை முதலாளி கல்லாவில் உட்கார வேண்டுமா, கைப்பேசியில் இருந்தால் போதுமா என்பது தலைப்பு. கைப்பேசியே போதும் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவி ஒன்றைக் கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டார்: "கேமரா திருடனைக் காட்டும்; ரசவடை மேல் உட்கார்ந்த ஈயை விரட்டுமா?" அம்மா, கல்லாவில் இருக்கும் எந்த முதலாளி ஈ விரட்டினார்? பேப்பரைப் பிரித்தால் தலையங்கம் முடியும்வரை நிமிர மாட்டார். ஈ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டே போகும். கேமரா இருந்தால், கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்ததும் துபாயிலிருந்து போன் வரும். அந்தப் போன் எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். பட்டவன் நான்.

என் சித்தி மகன் துபாயில் வேலை பார்க்கிறான். கடை வடசேரிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கம். நம் தம்பி கடைதானே என்று ஒரு நாள் காலையில் போனேன். மாஸ்டர் நுரை தளும்ப ஆற்றிக் கொடுத்தார். கிளாஸ் உதட்டில் படவில்லை, மாஸ்டரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணா, நிதானமாகக் குடியுங்கள். குடித்துவிட்டு 15 ரூபாய் அனுப்பிவிடுங்கள்." கடை நிறைய ஆட்கள்!

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். மறுபடி சொல்கிறேன். "அண்ணா, நிதானமாகக் குடியுங்கள். குடித்துவிட்டு 15 ரூபாய் அனுப்பிவிடுங்கள். நேற்றைய 15-ம் இருக்கிறது." கடைசி வரியை முதல் தடவை மறைத்துவிட்டேன். அனுப்பினேன். மேசைமேல் இருந்த சின்னப் பெட்டி, "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று ஊருக்கே அறிவித்தது.

கிளாசுக்கு 100 மில்லி பால் என்றால் 20 லிட்டருக்கு 200 காபி. 170-க்குத்தான் பணம் வந்திருக்கிறது. மிச்சம் முப்பதைக் குடித்தது திருடனா? என்னைப் போன்ற சொந்தக்காரன்! எதிரே நின்றால் அவனால் கேட்க முடியுமா? "இருக்கட்டும் அண்ணா" என்பான். கடல் தாண்டி இருப்பதால்தான் வாய் வருகிறது.

"பார்க்காத பயிர் பாழ்" என்றார்கள். பார்க்கவில்லை என்று யார் சொன்னது? இங்கே நாலரைக்குக் கடை திறக்கும்போது துபாயில் மணி மூன்று. எழுந்து உட்கார்ந்து பார்க்கிறான். கல்லாவைத்தான் பார்க்கிறான் என்று நானும் நினைத்தேன்.

இரண்டாவது கேமரா வாசல் பெஞ்சைப் பார்த்து இருக்கிறது. அங்கே திருட ஒன்றுமில்லை. சித்தப்பா தினமும் அங்கேதான் உட்காருவார். சீனி போடாத காபி. குடித்துவிட்டுக் கேமராவைப் பார்த்து ஒரு கை அசைப்பு.

நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒரு விடியற்காலை மின்சாரம் போய்ப் படம் நின்றது. உடனே போன். பாலைக் கேட்கவில்லை, கல்லாவைக் கேட்கவில்லை. "மாஸ்டர், அப்பா வந்துவிட்டாரா? சாரல் அடிக்கும், உள்ளே உட்காரச் சொல்லுங்கள்."

சித்தப்பாவுக்குக் காது மந்தம். அவர் பாட்டுக்குக் கிளாசை வைத்தார், அணைந்து கிடந்த கேமராவைப் பார்த்துக் கையை அசைத்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மணி அடிக்கிறார்கள். வணக்கம்.