விலாசம் போன புத்தகம்

(கோட்டையூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஆசிரியர் கையெழுத்திட்ட முதல் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதை இந்த ஊரில் நின்று பேசுகிறவன் முதலில் ரோஜா முத்தையாவை நினைக்காமல் இருக்க முடியாது. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளை இதே கோட்டையூரில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியும் அது கடல் தாண்டவில்லை. சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. நாம் குப்பையில் போட்ட நோட்டீஸைத் தேடி இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் அங்கே போகிறார்கள்.

சரி, முதல் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய தமிழ்ப் புத்தகம் பலவற்றில் தமிழ் வருடம்தான் இருக்கும். அங்கேதான் ஏமாறுகிறோம். உ.வே.சா. சீவக சிந்தாமணியை அச்சிட்ட 1887 சர்வசித்து வருடம். அறுபது ஆண்டு சுற்றி வந்தால் 1947-ம் சர்வசித்துதான். ஆக, வருடப் பெயரை மட்டும் பார்த்துக் குதிக்கக் கூடாது. விலையைப் பாருங்கள். அணாவில் போட்டிருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது, அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. எழுத்தைப் பாருங்கள். ‘லை’, ‘ணை’ எல்லாம் இப்போது போல முன்னால் தனிக் கொம்பு இல்லாமல், எழுத்தோடு சேர்ந்து யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்து இருக்கிறதா? 1978-இல் அரசு சீர்திருத்தம் கொண்டுவரும்வரை பெரும்பாலான அச்சகங்களில் அப்படித்தான் கோத்தார்கள். தும்பிக்கை இல்லாத புத்தகத்தை அந்தக் காலத்து முதல் பதிப்பு என்று ஒருவர் நீட்டினால், இன்னொரு தடவை கேளுங்கள்.

அப்புறம் கையெழுத்து. 1919-இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் பாரதியார் வந்தார். அதனால் அவர் கையெழுத்திட்ட புத்தகம் இந்தப் பக்கத்து வீடு ஏதாவது ஒன்றில் கிடக்கும் என்று நமக்கெல்லாம் ஓர் ஆசை. எனக்கும் உண்டு. அந்த ஆசையை வைத்துத்தான் போலியும் வருகிறது. பால்பாயின்ட் பேனா கடைக்கு வந்தது 1940-களில். பாரதி மறைந்தது 1921-இல். மையைப் பார்த்தாலே பாதிப் போலி விழுந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். பழுத்த காகிதத்தில் புதிதாக மைப் பேனாவால் எழுதினால் மை பெரும்பாலும் ஓரத்தில் கசிந்து பரவும். தாள் புதிதாக இருந்தபோது எழுதிய கோடு பெரும்பாலும் கசியாமல் நிற்கும்.

கையெழுத்து இருந்தால்தான் மதிப்பு என்றும் இல்லை. உலகத்தையே மாற்றிய புத்தகம் ஒன்று சொல்கிறேன். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பரில் வந்தது, முதல் பதிப்பு 1,250 படிகள். அவர் பெயரால் அறிஞர்களுக்கு அனுப்பிய அன்பளிப்புப் படிகளில் ‘ஆசிரியரிடமிருந்து’ என்று எழுதியவர்கள் பதிப்பகத்துக் குமாஸ்தாக்கள். டார்வின் கை படவில்லை. ஆனாலும் அந்தப் படிகளைச் சேகரிப்பவர்கள் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள், யாருக்குப் போனது என்று தெரிவதால்.

யாருக்குப் போனது என்பதுதான் என் பேச்சு முழுவதும். ஆசிரியரின் கையெழுத்து ஒரு முனை. வாங்கிக்கொண்டவர் பெயர் மறு முனை. இரண்டும் ஒரே ஏட்டில் இருந்தால்தான் அந்தப் புத்தகம் எந்த வீட்டு மேசையில் கிடந்தது, யார் கையால் புரண்டது என்று சொல்ல முடியும். நம் ஊரில் அது இன்னும் எளிது. நம் நகரத்தார் பெயருக்கு முன்னால் வருகிற விலாசம், அந்த மூன்று நான்கு எழுத்து இருக்கிறதே, அதைச் சொன்னால் எந்த ஊர், எந்த வீடு, பர்மாவில் எங்கே கடை வைத்திருந்தார்கள் என்பதுவரை இங்கே இருக்கிற பெரியவர்கள் சொல்லிவிடுவீர்கள்.

முப்பது வருடத்துக்கு முன்னால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடை. எனாமல் தூக்குச்சட்டிக்குள் நாலு புத்தகம் சுருட்டி வைத்திருந்தது. அதில் ஒன்று ஒரு புலவரின் கவிதைத் தொகுப்பு, முதல் பதிப்பு. முதல் ஏட்டில் நீலக் கறுப்பு மையில் இரண்டு வரியும் கையெழுத்தும். எனக்குக் கை நடுங்கியது. அட்டை பிய்ந்திருந்ததால் அன்று இரவே பைண்டிங் செய்யக் கொடுத்துவிட்டேன். அந்த மேல் வரியைக்கூட நிதானமாகப் படித்து வைக்கவில்லை. ஒரு வாரத்தில் அழகான காலிகோ அட்டையோடு வந்தது. மூன்று ஓரமும் கத்தரித்து, வழவழவென்று. திறந்தேன். மேல் வரி போயிருந்தது. பைண்டர் மேல் குற்றமில்லை. ஓரத்தை வெட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லாததற்காக இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டை விற்கும்போது பங்காளிகள் கூடித் தேக்குத் தூணுக்கும் கண்ணாடிக்கும் விலை பேசுகிறோம். புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் முதல் ஏட்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். எழுத்து இருந்தால் போன் கேமராவில் படம் எடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள், நம் ஆயாக்கள் பெட்டகத்தில் வைத்த மாதிரி. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் புதுக்கோட்டை ஞானாலயா பக்கத்தில்தானே இருக்கிறது, பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் சேர்த்து உண்டாக்கிய நூலகம். அங்கே கேட்டுப் பாருங்கள்.

அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். இந்த மேசையில் வைக்கிறேன், கையைத் துடைத்துவிட்டு எடுங்கள். இரண்டாவது வரி தெளிவாக இருக்கிறது: ‘செட்டியார் அவர்களுக்கு அன்புடன்’. அதற்கு மேலே விலாசமும் பெயரும் இருந்த இடத்தில் எழுத்துகளின் கால்கள் மட்டும் தெரிகின்றன. இடப்பக்கம் முதல் எழுத்து ‘சி’ போல எனக்குத் தோன்றுகிறது, ‘கி’யாகவும் இருக்கலாம். மூன்றாவது எழுத்தில் ஒரு கொம்பின் அடி இருக்கிறது. பெரியவர்கள் யாராவது வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.