வினாத்தாள் வகுப்பறைக்குள் நுழையும் வழி

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

மேனிலைப் பள்ளிகளில் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள் என்ற குறை பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பழி பெரும்பாலும் ஆசிரியர் தலையில் விழுகிறது. இன்று வினாத்தாளைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. ஒன் மார்க் 15. எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண் வினாக்கள் 9 கொடுத்து 6 எழுதச் சொல்கிறார்கள். மூன்று மதிப்பெண்ணிலும் 9-க்கு 6. இந்த இரண்டு பகுதியிலும் ஒரு வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றிலும் 'அல்லது' போட்டு இரண்டு. கூட்டிப் பாருங்கள்: 15, 18, 27, 50. தாளில் அச்சாகியிருப்பது 110 மதிப்பெண்ணுக்கான வினாக்கள். 40 மதிப்பெண்ணைத் தொடாமலே ஒரு மாணவர் 70-க்கு 70 வாங்கலாம். கணிதத்தில் 140-க்கு அச்சிட்டு 90-க்கு எழுதச் சொல்கிறோம்.

தேர்வறைப் பதற்றத்தில் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கட்டும் என்றுதான் இந்தச் சலுகை. அதில் தவறில்லை. ஆனால் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்தால், எந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்ற முடிவு ஜூன் மாதமே எடுக்கப்பட்டுவிடுகிறது. பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த காலத்தில் வந்த புளூபிரிண்ட் இந்த வேலையைத்தான் செய்தது. கணிதத்தில் பாடவாரியாக எத்தனை ஒன் மார்க், எத்தனை ஆறு மார்க், எத்தனை பத்து மார்க் என்று அச்சாகியே கையில் இருந்தது. செண்டம் வாங்குவதற்கு முழுப் புத்தகத்தையும் புரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. புளூபிரிண்ட் போய்விட்டது. ஆனால் பழைய வினாத்தாள்களை அடுக்கிப் பார்த்து அதைத் திரும்ப உருவாக்கும் பழக்கம் போகவில்லை. கைடுகள் அதை வைத்துத்தான் விற்கின்றன.

அடுத்து, தேர்ச்சி விதி. இது அதிகம் பேசப்படாத இடம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15, எல்லாம் சேர்த்து 35 எடுத்தால் தேர்ச்சி. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ஒன் மார்க் மொத்தமும் அதே 15 என்பதைக் கவனியுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்கும் மாணவர்களைத் தனியே உட்கார வைக்கும் பள்ளிகளில் என்ன நடக்கிறது? புக்பேக் ஒன் மார்க் முழுவதும், அடிக்கடி வரும் இரண்டு மார்க், படம் வரைந்தால் கிடைக்கும் மதிப்பெண். இவற்றைக் கொண்ட மெல்லிய கையேடு ஒன்று, தினம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். ரிசல்ட் கேட்கப்படும் ஆசிரியருக்கு இதைவிட நிச்சயமான வழி கிடையாது. மின்னழுத்தம் என்றால் என்ன என்று யாராவது பொறுமையாகச் சொல்லித்தர மாட்டார்களா என்று ஏங்கும் பிள்ளைக்குத்தான் கடைசி மூன்று மாதம் விளக்கமே கிடைப்பதில்லை. எனக்கு இதுதான் மிகப் பெரிய வேதனை.

மதிப்பெண் ஏறுவதும் கற்றல் ஏறுவதும் ஒன்றா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டேனியல் கோரெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1991-ல் ஒரு ஆய்வை முன்வைத்தார்கள். ஒரு பள்ளி மாவட்டம் தான் பயன்படுத்திய தேர்வை மாற்றியது. உடனே மதிப்பெண் சரிந்தது. சில ஆண்டுகளில் புதிய தேர்வில் மதிப்பெண் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. அப்போது அந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பழைய தேர்வைத் திரும்ப வைத்தார்கள். அதில் மதிப்பெண் விழுந்திருந்தது. பிள்ளைகள் கற்றதில் பெரும்பகுதி அந்தந்தத் தேர்வோடு ஒட்டியிருந்தது. அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970-களிலேயே எச்சரித்தார்: ஓர் அளவீட்டை வைத்து முடிவுகள் எடுக்க எடுக்க, அந்த அளவீடும் கெடும், அது அளக்க வந்த வேலையும் கெடும் என்று.

நம் ஊரில் இதற்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்க 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆயிற்று. மாநில ரேங்க் பட்டியலும் 2017-ல் நின்றது. 2018-லேயே உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. தேர்வு இருந்தது, அதன் எடை போய்விட்டது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அந்தப் பொதுத்தேர்வே கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததை வரவேற்கிறேன். ஆனால் பழைய குறுக்குவழி திரும்பத் திறந்திருக்கிறது. நீட், ஜேஇஇ இரண்டும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்பதால், பதினோராம் வகுப்பைத் தவறவிட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைதான் அதிகம் இழப்பார்.

இதைச் சரிசெய்ய இன்னொரு தேர்வு வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புத் தாளின் கட்டாய வினாக்களை, பதினோராம் வகுப்பு அடிப்படை இல்லாமல் எழுத முடியாதபடி அமைத்தால் போதும். மின்புலத்தில் ஒரு மின்துகளை நகர்த்தச் செய்யும் வேலையைக் கேட்டால், வேலை, ஆற்றல் பாடத்தை யாரும் தள்ள முடியாது.

ஒன் மார்க்கைப் புத்தகத்தில் உள்ளபடியே அச்சிடுவதை நிறுத்தலாம். எண்ணையும் படத்தையும் மாற்றினாலே விடை எழுத்தை மனப்பாடம் செய்யும் வழி அடைபடும். இதை ஒரே மார்ச்சில் செய்யக் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் தாள் மாறினால் முதலில் விழுவது கிராமத்துப் பிள்ளை. கோச்சிங் போகிறவர் அல்ல. முதல் ஆண்டு 70-ல் 7 மதிப்பெண் அளவுக்குப் புதுவகை வினா, அடுத்த ஆண்டு 14. ஜூன் மாதமே மூன்று மாதிரித் தாள்கள், விடைக்குறிப்போடு.

அந்த விடைக்குறிப்பும் மாற வேண்டும். திருத்தும் முகாமில் ஆசிரியர் கையில் இருப்பது படிவாரியாக மதிப்பெண் பிரித்த குறிப்பு. மாற்று வழியில் சரியாகச் செய்த பிள்ளைக்கு முழு மதிப்பெண் உண்டு என்பது அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் 'புத்தகத்தில் உள்ளபடியே எழுது' என்று வகுப்பில் சொல்வதைத் தவிர ஆசிரியருக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

பள்ளியை மதிப்பிட வேண்டுமா? அதற்குப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டை எடுக்காதீர்கள். 2021 நவம்பர் 12-ல் நடந்த தேசிய அடைவுத் தேர்வில் நாடு முழுவதும் 3, 5, 8, 10 வகுப்புகளைச் சேர்ந்த சுமார் 34 லட்சம் மாணவர்கள் மாதிரியாக எழுதினார்கள். எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் பட்டியல் இல்லை, யாருடைய கல்லூரி இடமும் அதில் தொங்கவில்லை. மாவட்டத்தின் நிலை தெரிந்தது. மேனிலை வகுப்புகளுக்கும் அப்படி ஒரு மாதிரி ஆய்வை வைத்துவிட்டு, தலைமையாசிரியர் கூட்டங்களில் விழுக்காட்டுப் பட்டியல் வாசிப்பதைப் பள்ளிக்கல்வித் துறை இந்த ஆண்டே நிறுத்தலாம்.