‘கடலை போடலைங்க’ என்று சர்வர் சொன்னால் நம்பலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி தோசைக்கல் பழக்குவது பற்றி. அதை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம். ஒரு கேள்வி மட்டும் மூன்று நாளாக மனதை விட்டுப் போகவில்லை. திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார், படிக்கிறேன்.

“அண்ணா, என் பையனுக்கு ஒன்பது வயது. வேர்க்கடலை அலர்ஜி. இரண்டு வயதில் கடலை மிட்டாய் ஒரு துண்டு தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதிலிருந்து ஹோட்டல் பக்கமே போனதில்லை. அடுத்த மாதம் பிறந்தநாள். ‘ஒரே ஒரு நாள் ஹோட்டல் நெய் ரோஸ்ட்’ என்கிறான். சர்வரிடம் கேட்டுவிட்டு வாங்கிக் கொடுக்கலாமா?”

கொடுக்கலாம் தங்கச்சி. ஆனால் சர்வரிடம் கேட்டுவிட்டு அல்ல.

பழைய ஆட்களுக்கு அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். குருமா வீடியோவிலேயே சொன்னேன். பரிமாறுகிறவரிடம் கேட்காதீர்கள், அரைக்கிறவரிடம் கேளுங்கள். சர்வர் பொய் சொல்வதில்லை, அவருக்குத் தெரியாது. அவர் வாளிக்கு வருவது வெள்ளையாக ஒரு சட்னி, அவ்வளவுதான். காலையில் அது தேங்காயும் பொட்டுக்கடலையும். சாயங்காலம் கூட்டம் ஏறும்போது தேங்காய் தீர்ந்துவிட்டால், வறுத்த வேர்க்கடலை இரண்டு கை அள்ளிப் போட்டு ஓட்டிவிடுவார்கள். நிறம் பெரிதாக மாறாது. ருசி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

இதை ஊகித்துச் சொல்லவில்லை. நான் இரண்டாம் மாஸ்டராக இருந்த ஒரு ஹோட்டலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி அள்ளிப் போட்டது நான்தான். வெளியே ஒருவர் சர்வரிடம் கேட்டிருக்கிறார், சர்வர் நல்ல மனதோடு “கடலை போட மாட்டோம் சார்” என்றிருக்கிறார். பத்து நிமிடத்தில் அந்த மனிதருக்கு உதடு வீங்கி, பேச்சு குழறி, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாள் அவர் தம்பி வந்து கல்லாவில் சண்டை போட்டார். நான் கிரைண்டர் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

நம் பாஷையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடலை என்றால் எந்தக் கடலை? கடலைப்பருப்பு, கடலை மாவு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, இதெல்லாம் ஒரே செடியிலிருந்து வருவது. வேர்க்கடலை வேறு செடி. கடலை மாவு கொண்டைக்கடலையிலிருந்து வருவது, கடலை எண்ணெய் வேர்க்கடலையிலிருந்து வருவது. நீங்கள் “கடலை” என்றால் அவர் பஜ்ஜி மாவை நினைத்துக்கொண்டு தலையாட்டுவார். வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை என்று உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்லுங்கள். “ஆகாது”, “ஒத்துக்காது” என்றும் சொல்லாதீர்கள். கத்தரிக்காய் அரிக்கும் என்பவரும் அதைத்தான் சொல்கிறார். “சாப்பிட்டால் மூச்சு அடைத்துவிடும், உயிருக்கு ஆபத்து” என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

எண்ணெய் பற்றியும் கேளுங்கள். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் அலர்ஜி உண்டாக்கும் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். இப்போது “மரச்செக்கு எண்ணெயில் சமைத்தது” என்று வாசலில் பெருமையாகப் போர்டு வைக்கிறார்கள். உங்கள் பையனுக்கு அந்தப் போர்டு எச்சரிக்கைப் பலகை.

மெனு கார்டு? 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை உள்ள ஹோட்டல்கள் அலர்ஜி விவரம் தரவேண்டும் என்று விதி வந்து, 2022-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேர்க்கடலையும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்லதுதான். ஆனால் தேங்காய் தீர்ந்துபோனது கார்டுக்குத் தெரியாது. மறுபடியும் அங்கேதான் வருகிறேன், அரைக்கிறவரிடம் கேளுங்கள்.

இங்கிலாந்தில், வடக்கு யார்க்‌ஷயரில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை. 2014 ஜனவரியில் ஒருவர் சிக்கன் டிக்கா மசாலா பார்சல் வாங்கினார். கொட்டை வகை எதுவும் கூடாது என்று சொல்லித்தான் வாங்கினார். டப்பா மூடியில்கூட அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அன்றே இறந்துபோனார். செலவைக் குறைக்க, பாதாம் பொடிக்குப் பதிலாக வேர்க்கடலை கலந்த மலிவான பொடிக்கு மாறியிருந்தார்கள். 2016-ல் முதலாளிக்கு 6 ஆண்டு சிறை. என் சட்னிக் கதையும் அந்தப் பொடிக் கதையும் ஒன்றேதான், பாருங்கள்.

ஒரு அம்மா இதைக் கேட்கிறார். ஹோட்டல் நடத்துகிறவர்கள் எத்தனை பேர் இந்தச் சேனலைப் பார்க்கிறீர்கள்! “அண்ணே, டேபிளில் ஒருத்தர் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்யணும்?” என்று ஒருவர்கூடக் கேட்டதில்லையே. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சட்னியில் சரக்கு மாறினால் சர்வர்களுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். நாலு கிண்ண வாளியில் ஒரே கரண்டியைப் போட்டு எல்லாவற்றையும் ஊற்றாதீர்கள். பொங்கலில் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது, போடாமல் செய்ததாக ஆகாது. முடியாதென்றால் “எங்களால முடியாதுங்க” என்று சொல்லுங்கள். வியாபாரம் ஒரு தோசை குறையும், அவ்வளவுதானே?

சரி, தங்கச்சிக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை. போவதற்கு முன் உங்கள் டாக்டரிடம், கடும் அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் மருந்து பற்றிக் கேட்டு, போடுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். தொடையின் வெளிப்பக்கச் சதையில் போடும் ஊசி அது. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் அவில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பேனா மாதிரி வரும் ஊசி நம் ஊர்க் கடைகளில் லேசில் கிடைக்காது. அதனால் முதலில் ஆஸ்பத்திரியைப் பாருங்கள், அதற்குப் பக்கத்தில் ஹோட்டலைத் தேடுங்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தனியாகப் போய் மாஸ்டரைப் பாருங்கள். அப்போதுதான் அவர் டீ குடித்துக்கொண்டு சும்மா இருப்பார். பொடி தோசைக்குப் பொடியில் வேர்க்கடலை உண்டா, கல்லுக்கு என்ன எண்ணெய் என்று கேளுங்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தள்ளுவார்களே, அந்தத் துடைப்பம்தான் பொடியையும் தள்ளுகிறது. அவர் பதில் சொல்லும்போது இழுத்தால் வேறு கடை பாருங்கள். நல்லவராகத் தெரிந்தால், சாயங்கால டிபனுக்குக் கல்லைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றியதும், புதுத் துடைப்பத்தோடு முதல் தோசையைப் பையனுக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நெய் மட்டும். சட்னி வீட்டிலிருந்து டப்பாவில்.