உப்புக் காற்றும் சித்திரை வெயிலும்: கேரவனுக்கு லித்தியம் பேட்டரி தேர்வும் சார்ஜும்

வணக்கம் நண்பர்களே. இன்று நாம் பேசப்போவது கேரவனுக்குள் இருக்கும் வீட்டுப் பேட்டரியைப் பற்றி. அதாவது, என்ஜினை ஸ்டார்ட் செய்கிற பேட்டரி அல்ல, வண்டி நின்ற பிறகு ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, தண்ணீர் மோட்டார், மடிக்கணினி எல்லாவற்றையும் விடியும்வரை தாங்குகிற பேட்டரி. வேன் இப்போது மண்டபம் ஊருக்கு மேற்கே கடலோரத்தில் நிற்கிறது. இந்தத் தலைப்பை இங்கே வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர் நாடுகளில் வசிப்பவர்கள் சொன்னவை; அவர்களுடைய முதல் கவலை உறைபனி. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது என்பது உண்மைதான், அதற்காகவே உள்ளே சூடேற்றும் கருவி பொருத்திய பேட்டரிகளும் விற்பனைக்கு வருகின்றன. மார்கழிப் பனியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான இராமநாதபுரம் கடற்கரையில் அந்த வசதிக்குப் பணம் கொடுப்பது வீண். இங்கே பேட்டரிக்குப் பகை இரண்டு: வெயில், உப்பு. எந்தப் பேட்டரி வாங்குவது, அதை எப்படி சார்ஜ் செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த இரண்டை வைத்துத்தான் விடை சொல்ல வேண்டும்.

முதலில் பேட்டரியின் வகை. லித்தியம் என்ற ஒரே பெயரில் பல வேதியியல்கள் விற்கப்படுகின்றன. கேரவனுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட், கடைக்காரர்கள் எல்எஃப்பி என்று சொல்வது. இதில் ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல்களை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட். பாஸ்பேட்டில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்து வைத்திருப்பதால், சூடேறினாலும் அது எளிதில் பிரிந்து வந்து தீக்குத் துணைபோவதில்லை. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி வகை எடை குறைவானது, ஆனால் வெப்பத்தில் அந்த அளவுக்கு நிதானமானதல்ல. மின் ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய என்எம்சி பேக்குகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்வார்கள். நாம் படுத்து உறங்குகிற கட்டிலுக்கு அடியில் அதை வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

இந்த வேதியியலில் நம் ஊர்க்காரர் ஒருவருடைய உழைப்பும் உண்டு என்பதைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் லித்தியம் பேட்டரி ஆய்வாளர் ஜான் குட்எனஃபுடன் சேர்ந்து செய்த ஆய்வுகள்தான் இரும்பு பாஸ்பேட் போன்ற சேர்மங்களுக்கு வழி திறந்தன. 2019ஆம் ஆண்டு குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவரும் மந்திரம்தான்.

அடுத்தது, எவ்வளவு பெரிய பேட்டரி என்பது. கடையில் 100 ஏஎச், 200 ஏஎச் (ஆம்பியர்-மணி) என்று கேட்பதற்கு முன், ஒரு நாளைக்கு எத்தனை வாட்-மணி செலவாகிறது என்று வீட்டிலேயே எழுதிப் பார்த்துவிட வேண்டும். 45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இந்தச் சூட்டில் ஏறத்தாழ 600 வாட்-மணி எடுக்கும். 28 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம் ஓடினால் 560. விளக்குகள், தண்ணீர் மோட்டார், கைபேசி, மடிக்கணினி, கேமரா எல்லாம் சேர்ந்து 270 என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 1,430. இதோடு 1,200 வாட் இண்டக்ஷன் அடுப்பை அரை மணி நேரம் பயன்படுத்தினால், இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் சேர்த்து இன்னும் 660. ஆக 2,100க்கு அருகில் வருகிறது. 200 ஏஎச் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு, 12.8 வோல்ட்டால் பெருக்கினால், 2,560 வாட்-மணி, அதில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 2,050. எனவே இரண்டு பேர் தங்கும் வேனுக்கு 200 ஏஎச் ஒரு நாளுக்கு ஏறத்தாழ சரியாக இருக்கும். ஈய-அமிலப் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால், இதே வேலைக்கு அங்கே ஏறக்குறைய 350 ஏஎச் வேண்டியிருக்கும். அதன் எடையே நூறு கிலோவுக்குப் போய்விடும். இரவு முழுவதும் ஏசி வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஏசிக்கு மட்டுமே 4,000 முதல் 5,000 வாட்-மணி தனியாக வேண்டும்.

கொள்ளளவு போதுமானதாக இருந்தாலும், பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ், அதாவது செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை, எத்தனை ஆம்பியர் தரும் என்பதைக் கேட்க மறக்க வேண்டாம். அந்த இண்டக்ஷன் அடுப்பு 12 வோல்ட் பக்கத்தில் 100 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். 100 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள பேட்டரியில் குழம்பு கொதிக்கும்போது மின்சாரம் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். பேட்டரி பழுதாகவில்லை, பிஎம்எஸ் தன் கடமையைச் செய்கிறது. 200 ஏஎச் பேட்டரிக்கு 150 அல்லது 200 ஆம்பியர் பிஎம்எஸ் கேட்டு வாங்குங்கள்.

தரத்தை எப்படிப் பார்ப்பது? எளிய வழி, தராசு. எல்எஃப்பி செல்லில் ஒரு கிலோவுக்கு 160, 170 வாட்-மணிக்கு மேல் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே உண்மையான 100 ஏஎச் பேட்டரியில் செல்கள் மட்டுமே ஏழரை, எட்டு கிலோ இருக்கும்; பெட்டி, பிஎம்எஸ், கம்பி சேர்ந்து பத்து முதல் பதின்மூன்று கிலோவுக்குள் வரும். ஏழு கிலோ எடையுள்ள ஒரு பெட்டியின்மேல் 100 ஏஎச் என்று ஒட்டியிருந்தால், அதைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை, கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். அதன் பிறகு விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள்: சார்ஜ் செய்யலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை, மின்சாரம் எடுக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை. பெரும்பாலானவற்றில் முதலாவது 45 முதல் 55 டிகிரி வரை, இரண்டாவது 60 டிகிரி வரை இருக்கும். வெப்ப உணரி இல்லாத பிஎம்எஸ் இந்தக் கடற்கரைக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன். இது இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி. பேட்டரியைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருப்பதையும், ஒரு மூலையில் சிறிய கணினி ஃபேன் காற்றை வெளியே தள்ளுவதையும் நீங்கள் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய வேனின் உட்புறம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பேட்டரி உடனே கெட்டுவிடாது. ஆனால் வெப்பம் பத்து டிகிரி ஏற ஏற அது முதுமையடையும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது, அதிலும் முழுதாக நிரம்பிய நிலையில் சூட்டில் கிடப்பதுதான் அதிகக் கேடு. வெளிநாட்டு அறிவுரைகளில் இது ஓரமாக ஒரு வரியில் வருகிறது, நமக்கோ இதுதான் தலையாய செய்தி.

பக்கத்தில் இருக்கும் இந்த முனையைப் பாருங்கள். பழைய கம்பியிலிருந்து வெட்டி வைத்திருக்கும் செம்பு லக் இது, அதாவது போல்ட்டில் மாட்டுவதற்காகக் கம்பியின் நுனியில் பொருத்தும் வளையம். ஓரம் முழுவதும் பச்சைக் களிம்பு ஏறி, உறைக்குள் இரண்டு அங்குலம் வரை கம்பியே கறுத்துப்போயிருக்கிறது. பாம்பன், மண்டபம் பகுதியின் காற்று உலோகத்தை அரிப்பதில் பெயர்பெற்றது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமான ஆய்வுக்காக மண்டபத்திலேயே ஓர் ஆய்வு நிலையத்தை வைத்திருக்கிறது. எனவே, படகுகளில் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியையும், வெள்ளீயம் பூசிய லக்கையும் வாங்குங்கள். லக்கின் கழுத்தில் உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறையைச் சுருக்கிவிடுங்கள். பேட்டரி முனையின்மேல் லக் நேராக உட்கார வேண்டும். நடுவில் எவர்சில்வர் வாஷரை வைத்தால் அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாமல் அந்த இடம் சூடாகும், வாஷர் எப்போதும் லக்குக்கு மேலேதான். போல்ட்டை முறுக்கி முடித்த பிறகு வெளிப்புறம் முழுவதும் பெட்ரோலியம் ஜெல்லி பூசிவிடுங்கள். பிளஸ் முனைக்கு மிக அருகில் டி வகை ஃபியூஸ் ஒன்று கட்டாயம், ஏனெனில் எல்எஃப்பி பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அதைச் சாதாரண கார் ஃபியூஸால் அறுக்க முடியாது.

இனி சார்ஜ். மூன்று வழிகள் இருக்கின்றன: ஓடும் வண்டி, சூரியன், வீட்டு மின்சாரம்.

என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒரு கம்பியை லித்தியம் பேட்டரிக்கு இழுத்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. எல்எஃப்பியின் உள்தடை மிகக் குறைவு; கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ரயில்வே கேட்டில் வண்டி நின்று, என்ஜின் மெதுவாகச் சுற்றி, ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும் வேளையில் அது முழு ஆம்பியரையும் தள்ள நேர்ந்தால் சுருள் கருகிவிடும். நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜரை வைத்தால், அது 30 ஆம்பியர் என்ற அளவோடு நிறுத்தி, பேட்டரிக்குத் தேவையான வோல்ட்டேஜையும் தானே உருவாக்கித் தரும். ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் புதிய பிஎஸ்6 வண்டிகளில் இது இல்லாமல் பேட்டரி முழுதாக நிரம்பவும் செய்யாது. மதுரையிலிருந்து இங்கே வர ஏறத்தாழ மூன்று மணி நேரம். 30 ஆம்பியர் வீதம் 90 ஏஎச், 200 ஏஎச் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி ஏறிவிடுகிறது.

சூரியனைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் இதே மாவட்டத்தின் கமுதியில் அமைந்தது தற்செயலல்ல. கூரையில் 400 வாட் பேனல் படுக்கையாக இருந்தால், சூட்டிலும் கம்பியிலும் போகும் இழப்பைக் கழித்து, தெளிந்த நாளில் ஏறத்தாழ 1,400 வாட்-மணி எதிர்பார்க்கலாம். மேலே போட்ட கணக்கில் அடுப்பைத் தவிர்த்த செலவு அவ்வளவுதான். கூரையோடு ஒட்டும் வளையும் பேனல்கள் அடியில் காற்றில்லாமல் கொதித்துப்போகின்றன. கண்ணாடிப் பேனலை இரண்டு அங்குலம் உயர்த்திப் பொருத்துவதே இங்கே சரி. ஒரு பனைமரத்தின் ஒல்லியான நிழல் பேனலின் ஒரு பகுதியில் விழுந்தாலே அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும் என்பதால், வண்டியை நிறுத்தும்போது காலை பத்து மணிக்கு நிழல் எங்கே விழும் என்று பார்த்து நிறுத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் கண்ணாடியில் படியும். விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போதே, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். உவர்ப்பான போர் தண்ணீரை ஊற்றினால் அது காய்ந்து வெள்ளைப் படலமாக நின்றுவிடும்.

வீட்டு மின்சாரத்துக்கு 30 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் போதும்; அது 500 வாட் அளவே எடுப்பதால் சாதாரண 5 ஆம்பியர் பிளக்கிலேயே ஓடும். கடலோரக் கிராமங்களில் மாலையில் வோல்ட்டேஜ் இறங்குவது வழக்கம், ஆகவே 180 வோல்ட்டிலும் வேலை செய்யும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள்.

டிசி-டிசி சார்ஜர், வீட்டு மின்சார சார்ஜர், பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் எம்பிபிடி கன்ட்ரோலர் ஆகிய மூன்றிலும் ஒரே அளவுகளை அமைக்க வேண்டும். 14.4 வோல்ட் வரை போகலாம் என்று விவரத்தாள் சொன்னாலும், கோடையில் நான் 14.0 அல்லது 14.1இல் நிறுத்திவிடுவேன், சற்று மெதுவாக நிரம்பும், ஆனால் கொள்ளளவில் பெரிய இழப்பு இல்லை. நிரம்பிய பிறகு பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கும் ஃப்ளோட் அளவு 13.4. ஈயப் பேட்டரிக்கான ஈக்வலைஸ் முறையையும், வெப்பத்துக்கேற்ப வோல்ட்டேஜை மாற்றும் அமைப்பையும் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். ஈக்வலைஸில் வோல்ட்டேஜ் 15ஐத் தாண்டும், அது செல்களுக்கு ஆகாது. மாதம் ஒருமுறை மட்டும், சூடு தணிந்த நேரத்தில், 14.4 வரை ஏற்றி அரை மணி நேரம் அங்கேயே வைத்திருங்கள். பிஎம்எஸ் செல்களைச் சமன்படுத்துவது அந்த உச்சத்தில்தான். மதியச் சூட்டில் பேட்டரி நிரம்பிக் கிடப்பதைத் தவிர்க்க நான் கடைப்பிடிக்கும் வழி, சமையலை நண்பகலுக்கு மாற்றிவிடுவது. பேனல் தருவது நேராக அடுப்புக்குப் போய்விடுகிறது.

எத்தனை சதவீதம் மீதி இருக்கிறது என்பதை வோல்ட்மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. 40 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் இந்தப் பேட்டரி கிட்டத்தட்ட ஒரே 13.2 வோல்ட்டைத்தான் காட்டும். மைனஸ் கம்பியில் மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட் ஒன்றைப் பொருத்தி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ண வைப்பதே நம்பகமான வழி.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வண்டியை வீட்டில் நிறுத்திவிடுபவர்கள், பேட்டரியை 50, 60 சதவீதத்தில் வைத்து முதன்மை சுவிட்சை அணைத்துவிட வேண்டும். சும்மா இருக்கும் இன்வெர்ட்டரே 10 முதல் 20 வாட் எடுக்கும்; 200 ஏஎச் பேட்டரியில் மீதமுள்ள பாதி ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். அணைக்கும்போது முதலில் பேனலைத் துண்டித்து, அதன் பிறகு பேட்டரியைத் துண்டியுங்கள். தை மாதம் வண்டியை எடுக்கும்போது முதலில் பேட்டரி, அடுத்தது பேனல்; பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் இணைத்தால் எம்பிபிடி கன்ட்ரோலர் பழுதாக வாய்ப்புண்டு.