சிறிய உலோகச் சிப்பாய்கள் ஏன் இருண்டு தெரிகின்றன?

நேயர் ஒருவர் 15 மில்லிமீட்டர் அளவிலான பிரிட்டிஷ் காலாட்படை உலோகச் சிப்பாய்களுக்கு, 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போர்க்காலத்துச் சீருடையில், முதன்முறையாக வண்ணம் தீட்டியிருக்கிறார். பொத்தான்கள் வரை கவனமாகத் தீட்டியும், மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் இருண்டு கலங்கித் தெரிகிறது என்றும், வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சாகக் கறுப்பு பிரைமர் அடித்ததுதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறார்.

பிரைமருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முதன்மையான காரணம் அதுவன்று. அளவு சிறுக்கச் சிறுக்க, ஒரே நிறம் நம் கண்ணுக்கு மேலும் இருண்டதாகவே தோன்றும். உண்மையான சீருடையின் நிறத்தைத் துல்லியமாகக் கலந்து, விரல் நகத்தைவிடச் சற்றே உயரமான உருவத்தில் பூசினால், அது அந்தச் சீருடையைவிட அடர்ந்துதான் தெரியும். ஆகவே நீங்கள் சரியென்று நினைக்கும் நிறத்தைவிட ஓரிரு படி வெளிறிய நிறத்தையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். அடர்பச்சைச் சீருடையும் கறுப்பு வார்களும் அணிந்த 95ஆவது ரைபிள் படையினரைத் தீட்டும்போது இது மிகவும் முக்கியம். பச்சையை வெளிறச் செய்யாவிட்டால் வார் எது, கோட்டு எது என்றே பிரித்தறிய முடியாது.

கறுப்பு பிரைமரில் ஒரு வசதி இருக்கிறது: தூரிகை எட்டாத இடுக்குகள் தாமே நிழலாக அமைந்துவிடும். ஆனால் சிவப்பும் மஞ்சளும் அடியிலுள்ள நிறத்தை எளிதில் மறைக்காத வண்ணங்கள் என்பதால், கறுப்பின் மீது அவை உயிரிழந்து போகும். சிவப்புக் கோட்டு அணிந்த படைக்கு வெளிர்சாம்பல் பிரைமரையே நான் பரிந்துரைப்பேன். கறுப்பே பழகிவிட்டது என்றால், அது உலர்ந்தபின், ஏறக்குறைய துடைத்தெடுத்த தூரிகையால் வெள்ளையை மேடான பகுதிகளில் மட்டும் மெல்லத் தேய்த்துவிட்டு, அதன்மேல் சிவப்பைப் பாலைப் போல நீர்த்து இரண்டு மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள்.

எந்தச் சிவப்பு என்பதிலும் வேறுபாடு உண்டு. சாதாரணச் சிப்பாயின் கோட்டு மஞ்சிட்டி வேர்ச்சாயத்தில் தோய்ந்த செங்கல் சிவப்பு. அதிகாரியினுடையது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தின் பளிச்சென்ற சிவப்பு. இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டினாலே, அணியில் அதிகாரி எங்கே நிற்கிறார் என்பது தூரத்திலிருந்தும் புலப்படும்.

பொத்தான்களை விட்டுவிடுங்கள். இந்த அளவில் கண்ணை ஈர்ப்பவை மார்பில் குறுக்காகச் செல்லும் வெள்ளை வார்களும் முகமும்தான். வார் வரும் இடத்தில் முதலில் அடர்பழுப்புக் கோடு ஒன்று இட்டு, அதன் நடுவே வெளிர்சாம்பலையும், தோள்மீது மட்டும் தூய வெள்ளையையும் தீட்டினால், இருபுறமும் எஞ்சும் பழுப்பு விளிம்பு வாரைச் சீருடையிலிருந்து பிரித்துக் காட்டும். முகத்துக்குப் பழுப்பை அடியில் பூசி, மூக்கு, கன்னம், முகவாய் ஆகியவற்றில் மட்டும் தோல் நிறத்தை வையுங்கள். கண்களைத் தீட்ட வேண்டியதில்லை. இதற்கெல்லாம் மிகச் சிறிய தூரிகைதான் வேண்டும் என்பது தொடக்கநிலையினரிடம் பரவலாக உள்ள எண்ணம். அதில் வண்ணம் நிற்காது, நுனியிலேயே உலர்ந்துவிடும். கூரிய நுனி கொண்ட நல்ல 1ஆம் எண் தூரிகை அதைவிடச் சிறந்தது.

பழைய உலோக வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அடுத்த தொகுதியில், அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் எஞ்சும் வார்ப்புக் கோடுகளை அரத்தால் தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள், துகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், பிறகு கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

இப்போது தீட்டி முடித்த சிப்பாய்களின் வண்ணத்தை அகற்ற வேண்டிய தேவையில்லை. தோள், மேற்கை, முழங்கால் ஆகிய மேடான இடங்களில் சற்று வெளிறிய நிறத்தைச் சேர்த்து, வார்களையும் முகத்தையும் மேற்சொன்னவாறு திருத்தி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தெளிவாகப் பிரிந்து தெரிந்தால், பளபளப்பற்ற வார்னிஷ் அடித்து முடித்துவிடலாம்.