எந்த நம்பரில் முடித்தாய்?

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூன் மாதம் சுவரில் ஒரு காகிதம் ஏறும். ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். காலை நாலரை முதல் ஆறரை வரை கணிதம், பச்சை. மாலை ஆறு முதல் எட்டு வரை இயற்பியல், நீலம். அப்புறம் பதினொரு மணி வரை வேதியியல், சிவப்பு. குளிக்கக்கூட ஒரு கட்டம் உண்டு. தீபாவளி வருவதற்குள் அந்தக் காகிதத்தின் ஒரு மூலை செல்லோடேப்பை விட்டுத் தொங்கும். யாரும் திரும்ப ஒட்டமாட்டார்கள்.

ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளில் சேர எழுதும் ஜேஇஇ நுழைவுத் தேர்வுக்கு ஒரு வருடத்தை எப்படித் திட்டமிடுவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உண்மையைச் சொன்னால், அந்தக் கலர் காகிதத்தோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறேன். அதில் நேரம் இருக்கிறது, வேலை இல்லை. ஆறு முதல் எட்டு வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டத்துக்கு டிக் போட்டுவிடலாம். புத்தகம் திறந்திருந்ததா, மனசு திறந்திருந்ததா என்று காகிதம் கேட்காது.

சரி, முதலில் 'ஒரு வருடம்' என்கிறோமே, அது எத்தனை மாதம் என்று பார்த்துவிடுவோம். ஜேஇஇ-யின் முதல் கட்டமான மெயின் தேர்வை 2019 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. ஜனவரியில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை. இரண்டையும் எழுதலாம். எதில் கூடுதலோ அதை எடுத்துக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் பிள்ளைகள், "அப்ப ஏப்ரல் வரைக்கும் டைம் இருக்கு சார்" என்பார்கள். எங்கே இருக்கிறது? பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அது முடிந்த கையோடு ஏப்ரல் தேர்வு வந்து நிற்கும். நடுவில் புதிதாக ஒரு பாடத்தைத் தொட இடமே கிடையாது. ஆகவே உங்கள் வருடம் ஜூனில் தொடங்கிப் பொங்கலோடு முடிந்துவிடுகிறது. ஏழரை மாதம். வாரக் கணக்கில் சுமார் 33. காலாண்டு, அரையாண்டு, தீபாவளி, சொந்தத்தில் ஒரு கல்யாணம், எப்படியும் வரப்போகிற ஒரு காய்ச்சல், இதற்கெல்லாம் 6 வாரத்தை இப்போதே தண்ணீர் தெளித்து விட்டுவிடுங்கள். மிச்சம் 27.

மெயின் பாடத்திட்டத்தில் கணிதத்துக்கு 14 அலகு, இயற்பியலுக்கு 20, வேதியியலுக்கு 20. மொத்தம் 54. அதை 27 வாரத்தால் வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 2 அலகு. சுவரில் ஒட்ட வேண்டிய எண் அதுதான். ஒரு அலகு பெரிது, ஒரு அலகு சிறிது என்பது உண்மைதான், அதை நீங்கள் முன்னே பின்னே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஒரு வாரம் ஒன்றுகூட முடியாமல் போனால் அடுத்த வாரம் நான்கு வந்து நிற்கும் என்பது இப்போதே தெரிந்துவிடும். 'காலை நாலரை மணி' அதைச் சொல்லாது. இன்னொன்று, 2024-ல் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். திண்மநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் எல்லாம் போய்விட்டன. அண்ணன் வைத்திருந்த பழைய கேள்வித் தொகுப்பை அப்படியே எடுத்துப் போட ஆரம்பித்தால், மெயினில் கேட்கவே போகாத பாடத்துக்கு ஒரு வாரம் போகும். பாடத்திட்டத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 54-ல் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். நம் ஊரில் வலிக்கிற இடம் அது. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவுகிற பழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுப்பதற்காகவும்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். இப்போது அதை எடுத்தாகிவிட்டது. மாநிலத் தேர்வுக்குப் பிளஸ் ஒன் தேவைப்படாமல் போகலாம், ஜேஇஇ கேட்காமல் விடாது. அதுவும் இயற்பியலில் பிளஸ் ஒன்னை விட்டுவிட்டுப் பிளஸ் டூவைப் படிக்கவே முடியாது என்பது என் கட்சி. மின்னழுத்தம் என்றால் என்ன? ஓரலகு மின்னூட்டத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தச் செய்யும் வேலை. வேலை, ஆற்றல் பாடம் தெரியாதவனுக்கு அது வெறும் சூத்திரம். காந்தப்புலத்தில் மின்னூட்டம் வட்டமாகச் சுற்றுகிறது என்றால், வட்ட இயக்கம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே படம் போட்டுக் காட்ட முடியாது, வானொலி. ஆனால் இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். அதனால் பள்ளி திறப்பதற்கு முன்னால் மே மாதக் கோடை இருக்கிறதே, அதை முழுக்க இயக்கவியலுக்குக் கொடுங்கள். வேதியியலில் மோல் கணக்கு, வேதிப்பிணைப்பு. கணிதத்தில் முக்கோணவியல், நேர்கோடு. மேயில் இவை உட்கார்ந்துவிட்டால் ஜூன் பயமுறுத்தாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். பெற்றோர் கூட்டத்துக்கு யூனிஃபார்மோடுதான் வருவார், டியூட்டி முடிந்து நேராக. எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை மணி நேரம் சார் படிக்கணும்?" இவர் அதைக் கேட்கவில்லை. கேட்ட இன்னொருவருக்கு இவரே பதில் சொன்னார். "அண்ணே, எங்க வேலைல ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டறப்பவும் டிக்கெட் நம்பர இன்வாய்ஸ்ல எழுதணும். எட்டு மணி நேரம் நின்னேன்னு சொன்னா டெப்போல யாராவது ஒத்துக்குவாங்களா? எந்த நம்பர்ல ஆரம்பிச்சே, எந்த நம்பர்ல முடிச்சே, அதான் கேப்பாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை, மகளுக்கு அப்படியே ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தார். தேதி, பாடம், ஆரம்ப நம்பர், முடிந்த நம்பர். அந்தப் பெண் போடும் ஒவ்வொரு கணக்குக்கும் வரிசை எண் உண்டு. ஜூனில் ஒன்றில் தொடங்கியது, பாடம் மாறினாலும் எண் மாறாமல் ஓடிக்கொண்டே போகும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்கும் ஒரே கேள்வி: "இன்னிக்கு எந்த நம்பர்ல முடிச்சேம்மா?" ஒரு கணக்குகூடப் போடாத நாளில் நேற்றைய எண்ணையே எழுதி வைப்பாள். அதற்காக அவர் திட்டியதில்லை, எழுதாமல் விட்டால் மட்டும்தான் திட்டு. கணக்கில் சேர்க்க ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். விடையைப் பார்க்காமல் போட்டால்தான் எண். பார்த்துப் போட்டால் எண் கிடையாது. டிக்கெட் கிழிக்காமல் காசு வாங்கினால் என்ன பெயர் என்று அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இதைவிட அருமையான பகுதி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவார். அவருக்கு இயற்பியல் ஒரு வரி தெரியாது. நோட்டைப் புரட்டி, கண்ணில் பட்ட இடத்தில் விரலை வைத்து, "இந்த நம்பர இப்ப போடு" என்பார். ஆகஸ்டில் போட்ட கணக்காக இருக்கும், இப்போது அக்டோபர். அவளுக்குக் கை நின்றுவிடும். அந்த எண்ணைச் சுற்றி சிவப்பில் ஒரு வட்டம் போடுவார், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவள் முதலில் தொடுவது அந்த வட்டங்களைத்தான். கோச்சிங் சென்டர்கள் பெரிய தொகை வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை ஒரு சிவப்புப் பேனாவில் செய்தார் மனிதர். அந்தப் பெண்ணுக்கு ஐஐடி கிடைக்கவில்லை. திருச்சி என்ஐடியில் சிவில் கிடைத்தது. என்ஐடிகளில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்கு ஒதுக்கீடு என்பதைக்கூடப் பல பெற்றோர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அது வேறு கதை.

ஏன் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், வீடியோவில் ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாமே புரிகிற மாதிரி இருக்கும். 'ஆமா, இதுதான், அப்புறம் இது' என்று தலை ஆடும். மூடிவிட்டு அதே கணக்கை வெள்ளைத் தாளில் போடச் சொல்லுங்கள், இரண்டாவது வரியில் நிற்கும். பார்த்தது வேறு, போட்டது வேறு. திரும்பவும் சொல்கிறேன், பார்த்தது வேறு, போட்டது வேறு. அதேபோல, ஒருமுறை போட்டதும் நிற்காது. 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து வைத்தார். முதல் ஒரு நாளில்தான் அதிகம் போகிறது, அப்புறம் மெதுவாகப் போகிறது. ஆகவே ஒரு அலகை முடித்ததும் நாட்காட்டியில் மூன்று தேதி குறியுங்கள்: மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. அந்தத் தேதியில் பாடத்தை மறுபடி வாசிக்காதீர்கள். அரை மணி நேரம், நோட்டை மூடிவைத்து, நாலைந்து கணக்கு. வாரத்துக்கு 2 புதிய அலகோடு இதற்கும் இடம் வேண்டும் என்பதால், ஞாயிறு மதியத்தைக் காலியாக விட்டு வைக்கச் சொல்வேன். நிரப்பாமல் காலியாகவே விடுங்கள். பாக்கி விழுந்ததெல்லாம் அங்கே போய் விழும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. மாதிரித் தேர்வுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், சுருக்கிக்கொள்கிறேன். நவம்பரிலிருந்து வாரம் ஒன்று, முழு 3 மணி நேரம், கணினியில். தேர்வு காலை 9 முதல் 12, இல்லை மதியம் 3 முதல் 6. நீங்களும் அந்த நேரத்தில்தான் உட்கார வேண்டும். கேள்வி 75, மதிப்பெண் 300. சரி என்றால் 4 வரும், தவறு என்றால் 1 போகும். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. எந்தக் கேள்வியை விடுவது என்று பழகுவதற்குத்தான் மாதிரித் தேர்வு. எழுத 3 மணி நேரம் என்றால், தவறியதை அலச இன்னொரு 3 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுத்தேர்வை விட்டுவிடாதீர்கள். ஐஐடி, என்ஐடி சேர்வதற்குப் பொதுவாகப் பிளஸ் டூவில் 75 சதவீதம் கேட்கிறார்கள். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 65. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வோ முழுக்கப் பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு கட் ஆஃப். பாடம் அதே மூன்றுதானே.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், 2021 முதல் இருக்கிறது. மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேர் போகிற இரண்டாம் கட்டம், அதாவது ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். அதற்குக் குறிவைப்பவர்கள் ஆகஸ்டிலிருந்தே தினம் பத்துக் கணக்காவது ஆங்கிலத்தில் வாசித்துப் போடுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், வீட்டிலிருக்கும் சாதிச் சான்றிதழே போதும் என்று இருந்துவிடாதீர்கள். மத்திய அரசு ஒதுக்கீட்டுக்கு ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர், அதாவது வசதி படைத்த பிரிவில் வராதவர் என்கிற சான்றிதழ் தனி. அதுவும் சேரப்போகிற ஆண்டின் ஏப்ரல் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் முதல் வாரமே போய்விடுங்கள், ஜூனில் கலந்தாய்வு நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. வணக்கம்.